பயிற்சியாளர் போனார், ஒப்பந்தப் பழக்கம் போகவில்லை: எல்.எஸ்.யு. மேற்பார்வை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

லூசியானா மாநிலப் பல்கலைக்கழக (எல்.எஸ்.யு.) மேற்பார்வை வாரியத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2025 அக்டோபர் 25, சனிக்கிழமை இரவு, பேட்டன் ரூஜ் டைகர் ஸ்டேடியத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று தோற்றோம். மறுநாளே தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கெல்லி நீக்கப்பட்டார். 29-ஆம் தேதி ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி செய்தியாளர்களைக் கூட்டி, அடுத்த பயிற்சியாளரைத் தடகள இயக்குநர் (பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளுக்கும் பொறுப்பாளர்) ஸ்காட் வுட்வர்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று அறிவித்தார். 30-ஆம் தேதி வுட்வர்டும் வெளியேறினார். நவம்பர் 10-இல் கெல்லி வழக்குப் போட்டார். 26-ஆம் தேதி, அவருக்குச் சேர வேண்டியதை முழுதாகத் தருகிறோம் என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தது. 30-ஆம் தேதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்திலிருந்து லேன் கிஃபின் வந்து சேர்ந்தார்: 7 ஆண்டு, 9.1 கோடி டாலர்.

தோற்றுப்போன ஓர் இரவிலிருந்து புதிய பயிற்சியாளர் வரை 36 நாள். அதற்குள் பொறுப்பில் இருந்த அத்தனை பேரும் மாறிவிட்டார்கள். ஒப்பந்தம் எழுதும் முறை மட்டும் மாறியதாகத் தெரியவில்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான். கிஃபின் நல்ல தேர்வா, கெட்ட தேர்வா என்று இங்கே பேசப் போவதில்லை. அதைக் களம் சொல்லும்.

கூடவே படிக்கும் தமிழ் வாசகருக்கு ஒரு வார்த்தை. இது முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி அணி என்றால் நம் ஊர் கல்லூரி விளையாட்டு விழா அளவுக்கு நினைத்துவிட வேண்டாம். டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதல் பெயர் ஆளுநருடையதோ துணைவேந்தருடையதோ அல்ல, ஏதோ ஒரு பயிற்சியாளருடையது.

ஐயா, அம்மா, முதலில் கணக்கைப் பார்ப்போம். கெல்லி 2021 நவம்பர் இறுதியில் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தை விட்டு வந்தபோது கொடுத்தது 10 ஆண்டு, 9.5 கோடி டாலர். ஊக்கத்தொகை தனி. காரணமின்றி நீக்கினால், மீதமுள்ள சம்பளத்தில் 90 சதவீதம் தர வேண்டும் என்று ஒப்பந்தம். நான்கு சீசனில் அவர் வென்றது 34, தோற்றது 14. மோசமான எண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு முன்னால் இருந்த மூவரும், நிக் சேபன் 2003-இலும் லெஸ் மைல்ஸ் 2007-இலும் எட் ஓர்ஜரான் 2019-இலும், தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர்கள். கெல்லி வந்தது அந்த அளவுகோலுக்கு. நீக்கும்போது அவருக்குத் தர வேண்டியிருந்தது ஏறத்தாழ 5.4 கோடி டாலர். இந்த வெளியேற்றத் தொகையைத்தான் இங்கே பைஅவுட் என்கிறார்கள்.

5.4 கோடி என்பது எவ்வளவு பெரிய தொகை? கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளின் வீரர் வீராங்கனைகளுக்கும் நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 2025-26 கல்வியாண்டுக்கு 2.05 கோடி டாலர். கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் அதற்குள்தான். விளையாடுகிற அத்தனை பேருக்கும் இரண்டரை ஆண்டுக்கு மேல் கொடுக்கப் போதுமான பணத்தை, இனி இங்கே வேலை செய்யப்போகாத ஒருவருக்கு எழுதி வைத்திருக்கிறோம்.

இந்த நாடகம் பக்கத்து மாநிலத்தில் ஏற்கெனவே ஒரு முறை அரங்கேறியது என்பதுதான் எங்கள் முதல் மனக்குறை. 2017 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை 10 ஆண்டு, 7.5 கோடி டாலருக்கு எடுத்தது. முழுத் தொகைக்கும் உத்தரவாதம். அப்போது அங்கே தடகள இயக்குநர் யார்? இதே ஸ்காட் வுட்வர்ட்தான். 2019-இல் அவர் நம்மிடம் வந்தார். 2021 செப்டம்பரில், அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டித்து ஆண்டுச் சம்பளத்தையும் 90 லட்சத்துக்கு மேல் ஏற்றினார்கள். பழைய ஒப்பந்தத்தில் இன்னும் பல ஆண்டு பாக்கி இருந்தபோதே இது நடந்தது. அந்த சீசன் 8 வெற்றி, 4 தோல்வி. அடுத்தது 5-7. 2023 நவம்பர் 12-இல் நீக்கினார்கள். தர வேண்டியது 7.6 கோடிக்கு மேல். கால் பங்கு, அதாவது 1.92 கோடி, 60 நாளுக்குள். பிறகு ஆண்டுக்கு 72 லட்சம் என்று 2031 வரை. அவர் வேறு எங்கு வேலைக்குப் போய் எவ்வளவு சம்பாதித்தாலும் இதில் ஒரு டாலர்கூடக் குறையாது.

நியாயமாகப் பேசினால், அந்த 7.6 கோடி முழுவதையும் வுட்வர்ட் தலையில் கட்ட முடியாது. நீட்டிப்பு அவர் போன பிறகு நடந்தது. அதோடு, நமக்குக் கிம் மல்கியையும் ஜே ஜான்சனையும் கொண்டு வந்தவர் அவர்தான். 2023-இல் பெண்கள் கூடைப்பந்துப் பட்டமும், 2023-இலும் 2025-இலும் பேஸ்பால் பட்டமும் அப்படி வந்தவை. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரர். தொகையும் ஆண்டும் எழுதும் இடத்தில்தான் பேனா வழுக்குகிறது. அந்தப் பேனாவுக்கு மேல் ஒரு கை இருக்க வேண்டும். அந்தக் கை வாரியத்தினுடையது. இவ்வளவு பெரிய ஒப்பந்தம் எதுவும் வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் நடைமுறைக்கு வராது. ஆகவே 2021-இல் என்ன நடந்தது என்ற கேள்விக்கு வுட்வர்ட் பெயரை மட்டும் விடையாகச் சொல்லி முடித்துவிட முடியாது.

அன்றிரவு நம்மை 49-25 என்று வென்ற ஏ அண்ட் எம் பயிற்சியாளர் மைக் எல்கோ, ஃபிஷருக்குப் பிறகு ஆண்டுக்கு 70 லட்சம் டாலருக்கு எடுக்கப்பட்டவர். 2025-இல் அவர் அணி 11-0 என்று தொடங்கியது. சூடு கண்ட பூனை எப்படி நடக்கும் என்பதற்கு அது ஒரு பாடம். அதே சூட்டைப் பக்கத்தில் நின்று பார்த்த நாம் அடுப்பை நோக்கியே நடந்தோம்.

இனி ஒப்பந்தத்துக்குள் போவோம். பைஅவுட்டின் அளவைத் தீர்மானிப்பவை நான்கே எண்கள்: மீதமுள்ள ஆண்டுகள், ஆண்டுச் சம்பளம், உத்தரவாத விகிதம், கழிப்பு. செய்தித்தாளில் வருவது முதல் இரண்டும்தான். விளையாட்டு இருப்பது பின் இரண்டில்.

உத்தரவாத விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 90 சதவீதம் என்பதை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே எண்ணாக வைத்ததுதான் கெல்லி ஒப்பந்தத்தின் பெரிய கோளாறு. புதிதாக வரும் பயிற்சியாளருக்கு முதல் இரண்டு ஆண்டு பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. தன் ஆட்களைச் சேர்க்க, முறையைப் பழக்க, அவருக்கு அவ்வளவு காலமாவது வேண்டும். நான்காம் ஆண்டில் அந்தப் பாதுகாப்புக்கு என்ன தேவை? விகிதம் படிப்படியாக இறங்க வேண்டும்: முதல் இரண்டு ஆண்டு 80, மூன்றாம் ஆண்டு 65, அதன் பிறகு 50. கிஃபினின் எண்களையே வைத்துப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 1.3 கோடி. மூன்று சீசன் முடிந்து நான்கு ஆண்டு பாக்கி இருந்தால், மீதம் 5.2 கோடி. 90 சதவீதமென்றால் 4.68 கோடி. 50 சதவீதமென்றால் 2.6 கோடி. வித்தியாசம் 2.08 கோடி. ஒரு முழு ஆண்டுக்கு எல்லா வீரர்களுக்குமான பங்குத் தொகை, ஒரே ஒரு வரியில்.

இறக்கத்தையும் ஒரே நாளில் செங்குத்தாக வைக்கக் கூடாது. நெப்ராஸ்காவில் ஸ்காட் ஃபிராஸ்ட்டின் பைஅவுட் 2022 அக்டோபர் 1 அன்று 1.5 கோடியிலிருந்து 75 லட்சமாகப் பாதியாகும் என்று எழுதியிருந்தார்கள். செப்டம்பர் 10-இல் சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்றார்கள். மறுநாளே நீக்கினார்கள். மூன்று வாரத்துக்கு 75 லட்சம் டாலர். பொறுமை இல்லாததற்கு இவ்வளவு விலையா என்று சிரிக்கலாம். ஆனால் தேதியை அப்படி வைத்ததே தவறு. காத்திருந்தால் சீசன் வீண், காத்திராவிட்டால் பணம் வீண் என்ற முட்டுச்சந்தில் நிர்வாகத்தைத் தள்ளும் விதி அது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்படி எழுதினால் இந்தச் சூதாட்டம் எழாது.

அடுத்தது கழிப்பு. இதில் இரண்டு தனித்தனி விதிகள் இருக்கின்றன. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று, நீக்கப்பட்டவர் வேறு வேலைக்குப் போனால் அங்கே வாங்கும் சம்பளத்தை நாம் தரும் தொகையிலிருந்து கழித்துக்கொள்வது. மற்றொன்று, அவர் வேலை தேடியே ஆக வேண்டும் என்ற கடமை. முதலாவது மட்டும் இருந்தால், மனிதர் வீட்டில் உட்கார்ந்துகொண்டே முழுப் பணத்தையும் வாங்கலாம். இரண்டாவது மட்டும் இருந்து கழிப்பு இல்லையென்றால், அவர் வேலை தேடினாலும் நமக்குப் பயனில்லை. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

இவை என்ன செய்யும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. பென் ஸ்டேட் 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது பேசப்பட்ட தொகை ஏறத்தாழ 4.9 கோடி. அடுத்த மாதமே வர்ஜீனியா டெக் அவரை எடுத்துக்கொண்டது. கடைசியில் 90 லட்சத்தில் சமரசம் முடிந்தது. நம் வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2016 செப்டம்பரில் நீக்கப்பட்ட லெஸ் மைல்ஸுக்கு மாதத் தவணை போய்க்கொண்டிருந்தது. 2018-இல் அவர் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, மிச்சக் கணக்கு 15 லட்சம் டாலரில் தீர்ந்தது.

ஆனால் வேலை தேடும் கடமையை மழுப்பலாக எழுதினால் அதுவே வழக்காகும். ஆர்கன்சா 2017-இல் பிரெட் பீலமாவை நீக்கியது. பைஅவுட்டைத் தர வேண்டியது அதன் ரேசர்பேக் அறக்கட்டளை. பீலமா நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை அணியில் குறைந்த சம்பள வேலையில் சேர்ந்தார். இது வேலை தேடிய லட்சணமா, நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்தை நாடவேயில்லையே என்று அறக்கட்டளை தவணையை நிறுத்தியது. வழக்கு வந்தது, 2021-இல் சமரசமானது. குறைந்த சம்பளத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்து, மீதியைப் பழைய பல்கலைக்கழகத்திடம் வாங்குவது பயிற்சியாளர்களுக்குத் தெரிந்த வழிதான். அதை அடைக்க ஒரே வரி போதும்: கழிக்கப்படும் தொகை உண்மைச் சம்பளமா, அதே பதவிக்கு அந்த லீக்கில் வழங்கும் இடைநிலைச் சம்பளமா, எது அதிகமோ அது. வேலை தேடியதற்கான சான்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுத்தில் தர வேண்டும் என்பதையும் சேருங்கள்.

கெல்லியின் ஒப்பந்தத்தில் வேலை தேடும் கடமை இருந்தது, மாதத் தவணையும் இருந்தது. இந்த இரண்டும் நம் கையில் இருந்த நல்ல சீட்டுகள். நீக்கிய பிறகு, ஒரே தவணையாக 2.5 கோடி, பிறகு 3 கோடி என்று பேசிப் பார்த்தார்கள், அவர் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். 5.4 கோடியை 2031 டிசம்பர் வரை ஏறத்தாழ 74 மாதத் தவணையாகக் கொடுத்தால் மாதம் சுமார் 7.3 லட்சம். ஆண்டுக்கு 5 சதவீத வட்டி என்று வைத்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 4.6 கோடி. அவர் வேறு வேலைக்கே போகவில்லை என்றால் 3 கோடி என்பது மிகக் குறைவு. ஆண்டுக்கு 50 லட்சம் சம்பளத்தில் ஐந்து ஆண்டு வேலை பார்ப்பார் என்றால், கழிப்புக்குப் பிறகு நம் சுமை கிட்டத்தட்ட பாதியாகும், அப்போது 2.5 கோடியே நியாயமான விலை. அதாவது அவசரப்படாமல் தவணையைக் கட்டிக்கொண்டு, அவர் வேலைக்குப் போகும் வரை காத்திருப்பதுதான் நமக்கு லாபம். பென் ஸ்டேட்டுக்கு நடந்தது அதுதான்.

நாம் செய்தது என்ன? அடுத்த கோளாறு இங்கேதான், எங்கள் கோபம் அதிகம் தங்குவதும் இங்கேதான். பேச்சு முறிந்ததும், பல்கலைக்கழகத்தின் தரப்பில் ஒரு புதிய வாதம் எழுந்தது: கெல்லியை நீக்கவோ சமரசம் பேசவோ வுட்வர்டுக்கு அதிகாரமே இல்லை, ஆகவே முறைப்படி நீக்கம் நடக்கவே இல்லை. தகுந்த காரணத்தோடு நீக்க (அப்படியென்றால் பைஅவுட் தர வேண்டியதில்லை) இடமிருக்கிறதா என்றும் தேடப்படுகிறது என்ற பேச்சு. கெல்லி வழக்குப் போட்டது இதற்காகத்தான். நாடே பார்க்க அறிவித்து, இடைக்காலப் பயிற்சியாளராக ஃபிராங்க் வில்சனையும் நியமித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து நீக்கவே இல்லை என்றால் எந்த நீதிபதி கேட்பார்? பதினாறு நாளில் அந்த வாதத்தை நீங்களே கைவிட்டீர்கள். கிடைத்தது வழக்கறிஞர் கட்டணமும், அடுத்து வரவிருந்த ஒவ்வொரு பயிற்சியாளரின் ஏஜென்டுக்கும் ஓர் எச்சரிக்கையும்: இந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டால் ஒவ்வொரு வரியையும் இரும்பில் எழுது.

தோல்வி ஒருபோதும் 'தகுந்த காரணம்' ஆகாது. விதிமீறல், குற்றம், ஒழுங்கீனம் போன்றவைதான் அந்தப் பட்டியலில் வரும். மிச்சிகன் ஸ்டேட் 2023-இல் மெல் டக்கரை அந்த வழியில் நீக்க முடிந்தது நடத்தை குறித்த குற்றச்சாட்டால். ஆட்ட முடிவுகளால் அல்ல. அப்படி ஏதும் இல்லாத ஒருவரை நீக்கிய பிறகு காரணம் தேடுவது, மொய் எழுதிய பிறகு கல்யாணத்துக்கு வந்தேனா என்று கேட்பது மாதிரி.

அந்த நாட்களில் பல்கலைக்கழகத்துக்கு நிரந்தரத் தலைவரே இல்லை. வில்லியம் டேட் ரட்கர்ஸுக்குப் போன பிறகு இடைக்காலத் தலைவர்தான் இருந்தார். வேட் ரூஸ் தேர்வானது நவம்பர் 4-இல். தடகள இயக்குநர் நாற்காலியும் காலியான பிறகு, யார் முடிவெடுக்கிறார் என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. அதற்கு மருந்து கடினமானதல்ல. நீக்கும் அதிகாரம் யாருடையது, யாருடைய எழுத்து ஒப்புதல் முன்கூட்டியே தேவை, அறிவிப்புக் கடிதத்தில் யார் கையெழுத்து, எந்தப் பிரிவின்கீழ் நீக்கம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அந்தக் கடிதம் போகாமல் செய்திக்குறிப்பு போகக் கூடாது.

ஆளுநரைப் பற்றியும் ஒரு வார்த்தை, அவர்தானே உங்களில் பெரும்பாலோரை நியமிக்கிறார். ஒப்பந்தங்கள் மோசம் என்று அவர் சொன்னது சரி. ஆனால் பதவி காலியாக இருக்கும்போது ஒலிபெருக்கியில் சொன்னது, சந்தையில் மாடு வாங்கப் போகிறவன் தன் வீட்டுச் சண்டையைச் சந்தை நடுவில் போட்டதாகத்தான் முடிந்தது. அரசியல் தலையீடு இருக்கும் இடத்துக்கு வருபவர் கூடுதல் பாதுகாப்புக் கேட்பார். ஆண்டுக்கு 95 லட்சம் கணக்கில் போட்ட ஒப்பந்தத்தைத் திட்டிய ஒரே மாதத்தில் ஆண்டுக்கு 1.3 கோடிக்குக் கையெழுத்தானது தற்செயல் என்று எங்களால் நம்ப முடியவில்லை. (2024 நவம்பரில் அலபாமா ஆட்டத்துக்கு உயிருள்ள புலியைக் கூண்டில் வைத்து மைதானத்துக்குள் கொண்டுவந்ததும் அவர் ஆசைதான். அன்று 42-13 என்று தோற்றோம். புலி மேல் தப்பில்லை.)

நீட்டிப்புகள் இன்னொரு ஓட்டை. ஓர்ஜரான் 2020 ஜனவரியில் கிளெம்சனை 42-25 என்று வென்று பட்டம் வாங்கினார். உடனே புதிய நீண்ட ஒப்பந்தம். அடுத்த சீசன் 5-5. 2021 அக்டோபரில் பிரிவு அறிவிக்கப்பட்டது; செலவு ஏறத்தாழ 1.69 கோடி. மெல் டக்கருக்கு 10 ஆண்டு, 9.5 கோடி என்று எழுதியது ஒரே ஒரு நல்ல சீசனை வைத்து. அடுத்த சீசன் 5-7. ஃபிஷர் கதையை மேலே சொன்னோம். வெற்றியின் மயக்கத்திலோ, வேறு பல்கலைக்கழகம் தூக்கிவிடுமோ என்ற பயத்திலோ எழுதப்படும் நீட்டிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் முடிகிறது.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஃபிஷருக்கும் கிஃபினுக்கும் ஏஜென்ட் ஒருவரே, ஜிம்மி செக்ஸ்டன். ஒரே ஏஜென்டிடம் பல பயிற்சியாளர்கள் இருக்கும்போது, ஓரிடம் காலியானால் அவருடைய மற்ற ஆட்கள் எல்லோருக்கும் விலை ஏறும். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தன் ஆளுக்காகப் பேசுவது அவர் தொழில். 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் இடம் காலியான சில நாட்களில் இந்தியானா தன் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.16 கோடி என்று 8 ஆண்டு எழுதியது. அதே மாதக் கடைசியில் நெப்ராஸ்கா மேட் ரூலுக்கு 2032 வரை நீட்டித்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஆண்டுக்குப் பத்து ஒப்பந்தம் போடுபவர். இந்தப் பக்கம் இருப்பவர் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை போடுபவர், அதுவும் அடுத்தவர் பணத்தில். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

எனவே நீட்டிப்புக்கு நாங்கள் கேட்கும் விதி இது: ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை எந்த நீட்டிப்பும் பேசக் கூடாது. ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் பாக்கி இருந்தால் நீட்டிப்பே கூடாது. சம்பளத்தை உயர்த்தலாம், ஆண்டைக் கூட்டினால் கூட்டிய ஆண்டுகளுக்கு உத்தரவாதம் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வாக்கெடுப்புக்கு 14 நாள் முன்னால், நாளை நீக்கினால் எவ்வளவு, ஓராண்டு கழித்து எவ்வளவு, இரண்டாண்டு கழித்து எவ்வளவு என்ற அட்டவணையை வாரியத்தின் தளத்தில் வெளியிட வேண்டும்.

களத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2023-இல் நம் ஜேடன் டேனியல்ஸ், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 45.5 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. அப்படியும் மூன்று தோல்வி. மிசிசிப்பியிடம் 49 புள்ளி எடுத்தும் 55 கொடுத்துத் தோற்றது போதும் காரணம் சொல்ல. தடுப்பாட்டம் அவ்வளவு கெட்டிருந்தது. அதைச் சரிசெய்ய பிளேக் பேக்கரை ஆண்டுக்குச் சராசரியாக 25 லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள், தடுப்பாட்டம் தேறியது. அதற்குள் எதிரணியைத் தடுத்து வழிவிடும் முன்வரிசை கரைந்தது. வில் கேம்பெல் உள்ளிட்ட நான்கு தொடக்க ஆட்டக்காரர்கள் 2024-உடன் போனார்கள், மாற்று ஆட்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. பந்தைச் சுமந்து ஓடும் ஆட்டம் நாம் ஆடும் எஸ்.இ.சி. லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. ஓட முடியாத அணி எறிந்தே ஆக வேண்டும். எதிரணிக்கும் அது தெரியும். வயிற்றுத் தசைக் காயத்தோடு ஆடிய பந்தெறி வீரர் கேரட் நஸ்மையர் மேல் அத்தனை பாரமும் விழுந்தது. இது ஒரே இரவில் வந்த கோளாறு அல்ல, 2024-இலேயே தெரிந்தது. ஆண்டு மதிப்பீடு என்று ஒன்று எழுத்தில் இருந்திருந்தால், 2025 ஜனவரியிலேயே முன்வரிசைப் பயிற்சி பற்றியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (பல்கலைக்கழகம் மாற விரும்பும் வீரர்களின் பட்டியலில்) எடுத்த ஆட்கள் பற்றியும் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

அக்டோபரில் நீக்குவது ஏன் வழக்கமாகிவிட்டது என்பதும் தெரிந்ததுதான். டிசம்பர் முதல் வாரத்தில், கல்லூரி அணியில் சேரப் பள்ளி மாணவர்கள் போடும் முன்கூட்டிய கையெழுத்து, ஜனவரி 2 முதல் 16 வரை போர்ட்டல். அதற்குள் புது ஆள் நாற்காலியில் இருந்தாக வேண்டும். அவசரம் உண்மையானது. ஆகவே அவசரத்தில் செய்ய வேண்டிய வேலையை அமைதியான காலத்தில் செய்து வையுங்கள். ஒவ்வொரு ஜூலையிலும் தடகள இயக்குநர் மூடிய உறையில் தர வேண்டியது: தலைமைப் பயிற்சியாளரின் அன்றைய பைஅவுட், உதவிப் பயிற்சியாளர்களின் பைஅவுட்டுகள் (இவற்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், கூட்டினால் சிறு தொகை அல்ல), இடைக்காலத்துக்கு யார், மாற்றாக அழைக்கக்கூடிய ஐந்து பேர், அவர்களை அவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து எடுக்க நாம் கட்ட வேண்டிய தொகை.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லுங்கள். தடகளத் துறை தன் வருவாயில் நடக்கிறது, வரிப்பணம் தொடப்படவில்லை, டைகர் தடகள அறக்கட்டளையின் நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள் என்பது வழக்கமான பதில். அந்த வருவாயில் ஒரு பகுதி, இருக்கையைத் தக்கவைக்க ரசிகர்கள் ஆண்டுதோறும் கட்டும் நன்கொடை. மாதம் 7.3 லட்சம் தவணை எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதை ஆண்டறிக்கையில் தனி வரியாகக் காட்டுங்கள். அதை ஈடுகட்ட இருக்கை நன்கொடையை உயர்த்துவதாக இருந்தால், உயர்த்தும் கடிதத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள். வீரர்களுக்கான 2.05 கோடியில் கை வைக்க மாட்டோம் என்று தீர்மானமும் போடுங்கள்.

கிஃபினின் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது; அதைத் திறக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் முதல் சீசனில் பத்து ஆட்டம் வென்றால், நவம்பர் முடிவதற்குள் ஏதோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் காலியாகும், அவருடைய பெயர் அடிபடும், ஏஜென்ட் பேட்டன் ரூஜுக்குத் தொலைபேசியில் அழைப்பார். மேலே கேட்ட நீட்டிப்பு விதியும் அதிகாரப் பக்கமும் அந்த அழைப்புக்கு முன் தீர்மானமாகியிருக்க வேண்டும். சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றைச் சேருங்கள். பொதுமக்கள் கருத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் இதே எண்களோடு வருகிறோம்.

இப்படிக்கு,
எல்.எஸ்.யு. கால்பந்து ரசிகர்கள் சிலர்